வெளிப்பூச்சுக்கு மட்டும்

மூன்று குளிர்காலம்
கட்டிலுக்கு அடியில் இருந்தது அந்தச் சாடி.
சோளச் சாராயத்தில் வெள்ளைப்போளம், குங்கிலியம்,
குசும்பாப்பூ இரண்டு கைப்பிடி,
மருந்துக்கடை பாங் யூசியா
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்துத் தந்த வசநாபி.
மூடியில் சிவப்பு மையால் நானே எழுதினேன்:
வெளிப்பூச்சுக்கு மட்டும்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவள்.
தியான்ஜினில் நாற்பத்திரண்டு கட்டடங்களின் கம்பிவடம்
என் கைக்கு அத்துபடி.
எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.
ஆறாம் மாடி.

காலை ஐந்தரைக்குக் கொதிகலன் கூடத்தின் பின்னால்
ஏழெட்டுப் பேர் நிற்போம்.
நிற்பதுதான் பயிற்சி.
முன்காலில் மூன்று பங்கு, பின்காலில் ஏழு,
நாக்கு நுனி மேலண்ணத்தில்,
உள்ளங்கையில் ஒரு கோழிக்குஞ்சு இருப்பதாக நினைப்பு:
இறுக்கினால் சாகும், விட்டால் ஓடும்.
அப்படியே ஒரு மணி நேரம்.
அப்புறம் ஒருவர் கையை ஒருவர் தள்ளி
நீலம் பூத்து வீடு திரும்புவோம்.
சாடியிலிருந்து ஒரு மூடி எடுத்து
மணிக்கட்டிலிருந்து நெஞ்சை நோக்கித் தேய்ப்பேன்.
லிஃப்டில் என்னோடு ஏறுபவர்கள்
மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுத்த மாடியிலேயே இறங்குவார்கள்.

கொழுந்தன் ஷான்லின் பேருந்து ஓட்டுகிறான்.
"ஒரு மணி நேரம் நிற்கிறவனெல்லாம் வீரன்னா, அண்ணி,
என் நிறுத்தத்துல ஒரு படையே இருக்கு."

புத்தாண்டின் ஐந்தாம் நாள்.
கணவர் லாரியோடு ஷென்யாங் சாலையில், பனியில் சிக்கி.
அடுப்பில் கொழுக்கட்டை மிதந்து வருகிறது.
மது தீர்ந்துவிட்டது என்றேன்.
காதில் விழாதவன் போல உள்ளறைக்குப் போனான்.
உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்தான்.
"கசப்புதான். ஆனா பழசு, நல்லா இறங்குது."

முதலில் நாக்கு மரத்தது.
பிறகு உதடு. பிறகு விரல்கள்,
வீட்டைப் பூட்டிக் கிளம்புகிற ஒருவர்
விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பதுபோல.
"அண்ணி, என் முகம் எங்க?"
அதற்கும் சிரிக்கப் பார்த்தான்.

ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றுவிட்டது.
பனி இறுகிய சந்து, உள்ளே வராதாம்.
எண்பத்தாறு கிலோ.
முதுகில் ஏற்றிக்கொண்டேன்.

முன்காலில் மூன்று, பின்காலில் ஏழு
என்று படிக்கட்டில் யார் கணக்குப் பார்த்தது?
இடுப்பு தானே தாழ்ந்தது.
மூச்சு தானே அடிவயிற்றுக்குப் போனது.
தொடும் இடத்தில் எதிராளியைக் கேள் என்பார்கள்;
நான் முதுகால் கேட்டேன்.
அவன் இதயம் தட்டியது
இரண்டு, ஒன்று,
இல்லை,
மூன்று.
நாலாம் மாடித் திருப்பத்தில் யாரோ
குளிர்காலத்து முட்டைக்கோஸை மார்பளவு அடுக்கியிருந்தார்கள்.
ஓர் இலை உதிராமல் சுற்றி வந்தேன்.
தொண்ணூற்றாறு படி. வாசல். சந்து.
ஸ்ட்ரெச்சரில் அவனைக் கிடத்தினேன்.
கை வீசித் திரும்பியபோது
சமதரையில் வழுக்கி விழுந்தேன்.

மூன்று நாள் அவன் நெஞ்சில் ஒயர்கள்.
"இதையெல்லாம் வீட்டில் யார் வைப்பார்கள்?"
என்று கேட்ட டாக்டருக்கு
என் முழங்காலைக் காட்டினேன்.
ஆவியில் வெந்த ரொட்டிபோல உப்பியிருந்தது.
ஒரு பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள்.

ஒன்பதாம் நாள், மாடிக்கு மாடி நின்று
மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தான் ஷான்லின்.
நேரே போய்ச் சாடியை இழுத்தான்.
அடியில் கறுத்த மண்டி, நாலு விரல் உயரம்.
எறியப் போகிறான் என்று நினைத்தேன்.
பாத்திரம் கழுவும் ரோஸ் நிறக் கையுறையை மாட்டிக்கொண்டு
என் காலை மடியில் எடுத்து வைத்தான்.

பேருந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோலப் பிடித்தான்.
"மெதுவா" என்றேன்.
"கோழிக்குஞ்சா?" என்றான்.

நான் அவனிடம் அதைச் சொன்னதே இல்லை.
எப்போது வந்து பார்த்தான்,
கொதிகலன் கூடத்துச் சுவருக்கு எந்தப் பக்கம் நின்றான்,
கேட்கவில்லை.

கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு
மறுபடி தேய்க்கத் தொடங்கினான்.